இறங்கியதும் என் முகத்தைப் பார்ப்பவர்கள்

எம்.ஆர்.ஐ. மேசையை வெளியே இழுத்து, "முடிஞ்சதும்மா, மெதுவா எந்திரிங்க" என்று சொன்னதும் எல்லோரும் செய்யும் முதல் காரியம் என் முகத்தைப் பார்ப்பது. அரை மணி நேரம் குப்புறப் படுத்துக் கிடந்ததில் நெற்றியில் மெத்தையின் விளிம்பு பதிந்திருக்கும். காதில் அடைத்ததைக்கூட எடுத்திருக்க மாட்டார்கள். அதற்குள் கண் என்னிடம் வந்துவிடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவள் இவள்தானே, இவள் முகத்தில் ஏதாவது எழுதியிருக்காதா என்று.

16 வருடமாக எம்.ஆர்.ஐ. டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். முகத்தை வெறுமையாக வைத்துக்கொள்ளப் பழகவே முதல் இரண்டு வருடம் ஆனது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குக் காயில் (உடம்பை ஒட்டி வைத்துச் சமிக்ஞையை வாங்கும் கருவி) வைக்கச் சொல்லித்தருவதற்கு முன் இதைத்தான் சொல்லித்தருகிறேன்: இறங்குகிறவரிடம் தண்ணீர் குடிக்கச் சொல், செருப்பை எடுத்துக் கொடு, கைக்கு ஏதாவது வேலை கொடு, முகம் தானாக அடங்கிவிடும்.

ரிப்போர்ட் எழுதுவது படங்களைப் படிக்கும் டாக்டரான ரேடியாலஜிஸ்ட். நான் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. விதியே இல்லாவிட்டாலும் பல நாள் எனக்குச் சொல்லத் தெரியாது. மார்பக எம்.ஆர்.ஐ.யில் ஒரு புள்ளி பளிச்சென்று தெரிந்தால் அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை. மங்கலாக இருந்தால் பயமில்லை என்றும் அர்த்தமில்லை. அந்தப் புள்ளி என்ன செய்கிறது என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அழகாக இருப்பதை வைத்து ஆளை எடை போட முடியாது, பழகிப் பார்த்துத்தான் தெரியும் என்பார்களே, கிட்டத்தட்ட அது மாதிரி.

போன வருடம் அக்கா மேமோகிராம் எடுத்துவிட்டு போன் செய்தாள். "ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்கு. ஆனா கீழே, 'மிக அடர்த்தியான மார்பகம், சிறிய கட்டிகள் மறையக்கூடும்'னு ஒரு வரி இருக்கு. ஒண்ணும் இல்லையா, இல்ல தெரியலையா? ரெண்டுல எது?"

அவள் கணக்கு டீச்சர். கேள்வி இப்படித்தான் வரும்.

இரண்டாவதுதான் சரி என்று சொல்ல வேண்டியிருந்தது. மேமோகிராம் என்பது எக்ஸ்ரே. அதில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும். பால் சுரப்பிகளும் நார்த்திசுவும் வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளை. கொழுப்பு மிகுந்த மார்பில் கட்டி, இரவு வானத்தில் நிலா மாதிரி நிற்கும். சுரப்பி நெருக்கமாக இருக்கும் மார்பில் அது வெள்ளையடித்த சுவரில் வைத்த சுண்ணாம்புப் பொட்டு. அடர்த்தியை ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். அக்காவுடையது டி, எல்லாவற்றிலும் அடர்த்தி மிகுந்தது. சுமார் பத்தில் ஒரு பெண் அந்த வகை. கையால் தொட்டுப் பார்த்தால் இது தெரியாது, மார்பு கெட்டியாக இருக்கிறதா தளர்வாக இருக்கிறதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. படம் எடுத்தால்தான் தெரியும். இதில் இன்னொரு கொடுமை, அடர்த்தி கட்டியை மறைப்பதோடு நிற்பதில்லை. புற்றுநோய் வரும் வாய்ப்பையே கொஞ்சம் கூட்டுகிறது.

எங்கள் அம்மாவுக்கு 41 வயதில் வந்தது. சித்திக்கு 50-இல். அக்காவுக்கு மரபணுச் சோதனையில் மார்பகப் புற்றுநோயைப் பரம்பரையாகக் கொண்டுவரும் பி.ஆர்.சி.ஏ. மாற்றம் எதுவும் இல்லை என்று வந்தாலும், குடும்ப வரலாற்றை வைத்துப் போட்ட கணக்கில் வாழ்நாள் அபாயம் 20 சதவீதத்தைத் தாண்டியது. அமெரிக்கப் புற்றுநோய்க் கழகம் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி ஏறத்தாழ அந்தக் கோட்டுக்கு மேல் இருப்பவர்கள் வருடா வருடம் மேமோகிராமோடு எம்.ஆர்.ஐ.யும் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கு எனக்கும் அச்சு மாறாமல் பொருந்தும். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

"உன் மெஷின்ல மட்டும் எப்படித் தெரியும்?" என்றாள்.

இந்த மெஷின் பிறந்ததே புற்றுநோயைப் பிடிக்கத்தான் என்றால் முழுப் பொய் இல்லை. 1971-இல் ரேமண்ட் டமாடியன் என்ற அமெரிக்க மருத்துவர் எலிகளின் கட்டித் திசுவைக் காந்தப்புலத்தில் வைத்து அளந்தார். ரேடியோ அலையால் உலுக்கிவிட்டால் நீரில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கரு பழைய நிலைக்குத் திரும்பக் கொஞ்ச நேரம் எடுக்கும். நல்ல திசுவைவிடக் கட்டியில் அந்த நேரம் நீள்கிறது என்று கண்டார். அப்போது படம் எதுவும் கிடையாது, வெறும் எண்தான். படமாக்கும் வழியை 1973-இல் பால் லாட்டர்பர் காட்டினார். பீட்டர் மேன்ஸ்ஃபீல்ட் அதைக் கணக்குப் போட்டு வேகப்படுத்தினார். 2003-இல் நோபல் பரிசு அந்த இருவருக்கு மட்டும் போனது. டமாடியன் செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சண்டை போட்டார். அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று எங்கள் அறையில் இன்னமும் வாக்குவாதம் நடக்கும். நான் மூன்று பேருக்கும் கொடுத்திருக்கலாம் என்கிற கட்சி.

ஆனால் டமாடியனின் கனவு மார்பகத்தில் பலிக்கவில்லை. அந்த எண்கள் புற்றுநோய்க் கட்டிக்கும், ஃபைப்ரோஅடினோமா என்ற ஆபத்தில்லாத கட்டிக்கும், சும்மா இருக்கும் சுரப்பிக்கும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. காந்தத்துக்குள் மார்பை வைத்துப் படம் எடுத்தால் அழகான படம் வந்ததே தவிர, எது கெட்டது என்று அது சொல்லவில்லை.

வழி வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. அதே 1971-இல் ஜூடா ஃபோக்மன் என்ற அறுவை மருத்துவர் ஒரு யோசனையை முன்வைத்தார்: புதிய இரத்தக் குழாய்களைத் தன்னிடம் வரவழைக்காமல் ஒரு கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளர முடியாது. பசிக்கிற கட்டி ரசாயனத் தூது அனுப்பிக் குழாய்களை இழுக்கிறது. அவசரத்தில் போட்ட குழாய்கள் ஆதலால் ஒழுங்கிருக்காது. கோணலாக ஓடும், சுவரில் ஓட்டை இருக்கும், ஒழுகும்.

அந்த ஒழுகலைப் பார்த்துவிட்டால் போதும். அதற்குத்தான் காடோலினியம் என்ற உலோகம் கலந்த மருந்து. எண்பதுகளின் நடுவில் ஜெர்மனியில் சில்வியா ஹேவாங் இந்தக் கான்ட்ராஸ்ட் மருந்தை ஊசியில் ஏற்றி மார்பகத்தைப் படமெடுத்து 1986-இல் வெளியிட்டார். கான்ட்ராஸ்ட் போட்டதும் புற்றுநோய் வெளிச்சம் போட்டுக்கொண்டு எழுந்தது. காடோலினியம் படத்தில் தெரிவதே இல்லை என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. அதற்கு ஏழு தனி எலக்ட்ரான்கள். அது அணுவளவில் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்தில் வரும் நீரின் ஹைட்ரஜனைச் சீக்கிரம் பழைய நிலைக்குத் திருப்பிவிடுகிறது, அதனால் அந்த நீர் பிரகாசிக்கிறது. நாம் பார்ப்பது மருந்தை அல்ல, மருந்து வந்துபோன ஊரில் மாறிப்போன தண்ணீரை.

பிரகாசித்தால் புற்றுநோய் என்று முடிந்திருந்தால் கதை சுலபம். ஃபைப்ரோஅடினோமாவும் பிரகாசிக்கும். இங்கேதான் காலம் உள்ளே வருகிறது. மருந்து போவதற்கு முன் ஒரு படம், போன பிறகு நிமிடத்துக்கு ஒன்று, ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று என்று ஐந்தாறு படம். ஒரே புள்ளியின் பிரகாசத்தை நேரத்தோடு சேர்த்துக் கோடு போட்டால் மூன்று விதமாக வரும். நிதானமாக ஏறிக்கொண்டே போவது முதல் வகை. ஏறிச் சமதளமாக நின்றுவிடுவது இரண்டாவது. வேகமாக ஏறி, இரண்டாம் நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, உடனே வடியத் தொடங்குவது மூன்றாவது. ஒழுகும் குழாயில் உள்ளே போவதும் சுலபம், வெளியே வருவதும் சுலபம் அல்லவா? கிறிஸ்டியானே கூல் என்ற ஜெர்மன் ரேடியாலஜிஸ்ட் 1999-இல் 266 புள்ளிகளை இப்படி ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையை என் டாக்டர் இன்னமும் மேற்கோள் காட்டுவார்: முதல் வகைக் கோடு வந்தவற்றில் 6 சதவீதம் புற்றுநோய், இரண்டாவதில் 64, மூன்றாவதில் 87.

அக்காவிடம் இதை போனில் சொன்னபோது, "அப்போ நூறும் இல்லை, பூஜ்யமும் இல்லை" என்றாள். ஆமாம். அந்த 6-தான் என் தூக்கத்தைக் கெடுப்பது. வடிவம், விளிம்பு, உள்ளே எப்படி நிறைகிறது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவுக்கு வருவார். முள் முள்ளாக விளிம்பு உள்ள கட்டிக்குக் கோடு சாதுவாக இருந்தாலும் யாரும் விடமாட்டார்கள்.

நான் உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் இந்தக் கோடுகள் எல்லாம் ஒரே ஒரு விஷயத்தில் தொங்குகின்றன: படுத்திருப்பவர் அசையாமல் இருப்பது. மார்புக்கென்றே இரண்டு பள்ளம் உள்ள காயில் இருக்கிறது. குப்புறப் படுத்து, மார்புகள் அந்தப் பள்ளங்களுக்குள் தானாகத் தொங்க வேண்டும். மேமோகிராம் மாதிரி நசுக்கல் கிடையாது. தோல் மடியக் கூடாது, காம்பு நேராக இருக்க வேண்டும், சட்டைத் துணி இடையில் சிக்கக் கூடாது. இதைச் சரியாகச் செய்ய ஐந்து நிமிடம் ஆகும். வேலையில் பாதி இதுதான் என்பேன். பிறகு கையில் ஊசி, அதில் மருந்துக் குழாய். 60 கிலோ எடை உள்ளவருக்கு வழக்கமான மருந்து என்றால் 12 மில்லி. நொடிக்கு 2 மில்லி வேகத்தில் பம்ப் ஏற்றும், பின்னாலேயே உப்புநீர் போகும். "கை சில்லுன்னு இருக்கும்மா, அசையாதீங்க."

மருந்துக்கு முந்தைய படத்தைப் பிந்தைய படத்திலிருந்து கழித்தால் பிரகாசித்தவை மட்டும் மிஞ்சும். இதற்குக் கழித்தல் படம் என்றே பெயர். இரண்டு படமும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தினால்தான் கழித்தல் சரியாக வரும். அப்போது எனக்கு வேலை புதிது. ஒரு பெண்மணி மருந்து ஏறிய நேரத்தில் இருமினார். சின்ன இருமல்தான். திரையில் மார்பின் விளிம்பு முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாக இரட்டைக் கோடு. உள்ளே 5 மில்லிமீட்டர் புள்ளி இருந்திருந்தாலும் அந்தக் கோட்டுக்குள் புதைந்திருக்கும். மருந்து போய்விட்டது, உடனே மறுபடி போட முடியாது. அவரை இன்னொரு நாள் வரச் சொல்ல வேண்டியதாயிற்று. இருமல் இருக்கிறதா என்று நான் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அன்றிலிருந்து கேட்கிறேன்.

இன்னொரு கேள்வியும் தவறாமல் கேட்பேன்: கடைசி மாதவிலக்கு எந்தத் தேதி? சிலர் சங்கடப்படுவார்கள், கூட வந்த ஆண்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள். ஆனால் இந்தப் பரிசோதனையில் அது மிக முக்கியமான கேள்வி. ஹார்மோன் ஏறி இறங்கும்போது நல்ல சுரப்பியும் இரத்தத்தை இழுக்கிறது. மாதத்தின் பின்பாதியில் வந்தால் மார்பு முழுக்கச் சிறு சிறு வெளிச்சமாக மின்னும். இதைப் பின்புலப் பிரகாசம் என்கிறோம். அவசரமில்லாத பரிசோதனையென்றால், விலக்கு ஆரம்பித்து இரண்டாவது வாரத்தில் வரச் சொல்வது அதனால்தான். ஒரு முறை வேறொரு இடத்தில் எடுத்த படத்தோடு ஒரு பெண் அழுதுகொண்டே வந்தார். இரண்டு மார்பிலும் பல இடங்களில் சந்தேகம் என்று எழுதியிருந்தது. எடுத்தது 25-ஆம் நாள். யாரும் தேதி கேட்கவில்லை. எங்களிடம் 9-ஆம் நாளில் எடுத்தபோது பாதிக்கு மேல் காணாமல் போயின. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இந்த மெஷினுக்கு மினுங்குவதெல்லாம் பேய். நோயைத் தவறவிடுவது குறைவு, இல்லாததைச் சந்தேகிப்பது அதிகம்.

கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் வந்த புதிய உத்திகள் பெரும்பாலும் இந்தப் பேயைக் குறைக்க வந்தவைதான்.

அதிலொன்று நேரத்தை இன்னும் பொடியாக நறுக்குவது. நிமிடத்துக்கு ஒரு படம் என்பதற்குப் பதில் சில நொடிக்கு ஒரு படம். முதல் ஒரு நிமிடத்தில் யார் முந்துகிறார்கள் என்று பார்க்கலாம். பெருந்தமனியில் மருந்து வெளிச்சமாவதைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொண்டு, அதற்குப் பின் எத்தனை நொடியில் இந்தப் புள்ளி எழுகிறது என்று எண்ணுவார்கள். புற்றுநோய் முந்திக்கொள்ளும், சாதுவானவை பின்னால் வரும், பின்புலச் சுரப்பி இன்னும் தாமதமாக வரும். மேலே சொன்ன மினுமினுப்பு கிளம்புவதற்குள் திருடன் தனியாக மாட்டிக்கொள்கிறான். திரையில் அதைப் பார்ப்பதே ஒரு அனுபவம். கறுப்பு மார்பு, திடீரென்று ஒரே ஒரு பொறி, பிறகு மெல்ல மெல்ல மற்றதெல்லாம். இதற்குக் கொடுக்கும் விலை: படத்தின் நுணுக்கம் கொஞ்சம் குறையும். வேகமும் துல்லியமும் இந்தத் தொழிலில் ஒரே பாத்திரத்துத் தண்ணீர்.

எனக்குப் பிடித்தது அடுத்தது: மருந்தே இல்லாமல் தண்ணீரின் நடையைப் பார்ப்பது. டிஃப்யூஷன் என்று சொல்வோம். நீர் மூலக்கூறு சும்மா இருப்பதில்லை, வெப்பத்தில் உதறிக்கொண்டே அலையும். உடல் வெப்பத்தில், தடையில்லாத நீரில், ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் அது சராசரியாக 30 மைக்ரான் (மில்லிமீட்டரை ஆயிரமாக நறுக்கினால் ஒரு துண்டு ஒரு மைக்ரான்) தள்ளிப் போயிருக்கும். ஒரு செல்லின் அகலமும் கிட்டத்தட்ட அந்த வரிசைதான். அதாவது தண்ணீர் நடக்க ஆரம்பித்ததும் செல்லின் சுவரில் முட்டிவிடுகிறது. செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் கட்டியில் முட்டல் அதிகம். காலியான வராந்தாவில் நடப்பதற்கும் நெரிசலான பேருந்தில் முன்னே போவதற்கும் உள்ள வித்தியாசம்.

இதை அளக்கும் தந்திரத்தை 1965-இல் ஸ்டெய்ஸ்கலும் டேனரும் சோதனைச் சாலையில் செய்தார்கள்; டெனி லெ பியான் 1986-இல் நோயாளிகளின் படத்துக்குக் கொண்டுவந்தார். காந்தப்புலத்தை ஒரு பக்கம் சரித்து ஒரு துடிப்பு, நடுவில் அணுக்கருக்களைத் தலைகீழாகப் புரட்டிவிடும் ஒரு ரேடியோ அலை, பிறகு அதே சரிவில் இன்னொரு துடிப்பு. நகராத நீருக்கு இரண்டாவது துடிப்பு முதலாவதன் விளைவைச் சரியாக அழித்துவிடும், சமிக்ஞை மங்காமல் அப்படியே இருக்கும். இடம் மாறிய நீருக்குக் கணக்குப் பொருந்தாது, சமிக்ஞை மங்கும். எவ்வளவு மங்கியது என்பதிலிருந்து வரும் எண்ணுக்கு ஏ.டி.சி. என்று பெயர். தடையில்லாத நீருக்கு அது 3-ஐ ஒட்டி இருக்கும். புற்றுநோய்க் கட்டிகளில் பெரும்பாலும் 1-ஐ ஒட்டி வரும். அலகைச் சொல்லி வாசகர்களைப் படுத்த வேண்டாம், எங்கள் அறையிலும் யாரும் அலகைச் சொல்வதில்லை, "ஒண்ணு புள்ளி ரெண்டு" என்போம், புரிந்துவிடும்.

அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்து 2019-இல் வெளியான ஏ6702 ஆய்வு இந்த எண்ணை வைத்து ஒரு கேள்வி கேட்டது: பயாப்சி (ஊசியால் சதை எடுத்துச் சோதிப்பது) தேவை என்று முடிவான புள்ளிகளில், ஏ.டி.சி. 1.53-க்கு மேல் இருந்தால் ஊசி குத்தாமல் விடலாமா? அப்படி விட்டிருந்தால் பயாப்சிகள் 20.9 சதவீதம் குறைந்திருக்கும், புற்றுநோய் எதையும் தவறவிட்டிருக்க மாட்டார்கள் என்று வந்தது. ஐந்தில் ஒருத்திக்கு ஊசி மிச்சம். பயாப்சி ரிசல்ட்டுக்குக் காத்திருந்த எந்தப் பெண்ணிடமும் கேட்டுப் பாருங்கள், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்வாள்.

அப்படியானால் காடோலினியத்தையே விட்டுவிடலாமே என்று தோன்றும். ஆசைதான். சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சில வகைக் காடோலினியம் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுகவைக்கும் நோயைக் கொண்டுவருகிறது என்று 2006-இல் தெரியவந்தது. அதனால்தான் இரத்தப் பரிசோதனைத் தாள் எங்கே என்று நாங்கள் நச்சரிப்பது. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களிலும், பல முறை மருந்து ஏற்றினால் மூளையில் துளித்துளியாகப் படிகிறது என்று 2014-இல் ஜப்பானிய ஆய்வொன்று காட்டியது. அதனால் தீங்கு உண்டு என்று இதுவரை நிரூபணமாகவில்லை. என்றாலும், உலோகத்தை இறுகப் பிடித்துவைக்கும் வளைய வடிவ மருந்துகளுக்குப் பலரும் மாறிவிட்டார்கள். வருடா வருடம் வர வேண்டிய என் அக்கா மாதிரியானவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

ஆனால் டிஃப்யூஷன் படம் சாப்பாட்டில் ஊறுகாய் மாதிரி, அதுவே சோறாகாது. பிக்சல் பெரிது, சின்னக் கட்டி கரைந்துவிடும். காற்றும் தோலும் சேரும் இடத்தில் படம் இழுபட்டுக் கோணும். சளி மாதிரிப் பொருளைச் சுரக்கும் ஒரு வகைப் புற்றுநோயில் தண்ணீர் தாராளமாக நடக்கும், எண் உயர்ந்து சாது வேடம் போடும். இன்றைக்கு என் கருத்து: துணைக்குச் சரி, தனியாக அனுப்பப் பயம்.

புற்றுநோயில் கூடும் கோலின் என்ற பொருளின் அளவைத் தேடும் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி என்று ஒன்று உண்டு. பொறுமை வேண்டும், எங்களிடம் யாரும் கேட்பதில்லை. எலாஸ்டோகிராஃபி இன்னும் சுவாரசியம். மார்பில் மெல்லிய அதிர்வு கொடுத்து, அலை திசுவுக்குள் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று பார்த்து, எங்கே கெட்டி என்று அளப்பது. விரலால் தடவிக் கட்டி தேடுவதையே காந்தத்தால் செய்வது. இதன் முதல் கட்டுரை 1995-இல் சயன்ஸ் இதழில் வந்தது, முதல் ஆசிரியர் பெயர் முத்துப்பிள்ளை. பயிற்சிக் காலத்தில் அந்தப் பெயரைப் பார்த்து, ஏனோ தெரியாது, பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்துக் காட்டினேன். மார்பகத்துக்கு அது இன்னும் ஆய்வறையைத் தாண்டிப் பெரிதாக வெளியே வரவில்லை. கல்லீரலுக்குத்தான் நிறையப் பயன்படுகிறது.

புதுமை என்றால் எல்லோரும் கூடுதலாக ஏதாவது செய்வதையே நினைக்கிறார்கள். என் வேலையை உண்மையில் புரட்டிப்போட்டது குறைத்துக்கொண்டதுதான். அதே கூல் அம்மையார் 2014-இல் கேட்டார்: 17 நிமிடம் எடுக்கும் முழுப் பரிசோதனையில் எத்தனை படம் இல்லாமல் முடியும்? மருந்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று, கழித்தல், எல்லாத் தளங்களின் வெளிச்சத்தையும் ஒரே படமாகத் திரட்டியது. மூன்று நிமிடம். 443 பெண்களின் 606 பரிசோதனைகள். அந்தத் திரட்டிய படத்தைப் பார்க்க ரேடியாலஜிஸ்டுக்கு ஆனது சராசரியாக 2.8 நொடி. முழுப் பரிசோதனையில் தெரிந்த 11 புற்றுநோய்களும் மூன்று நிமிடப் பரிசோதனையிலும் தெரிந்தன. கோடு வரைய நேரமில்லாததால் நடத்தையைப் பார்ப்பது போய்விட்டதே என்று ஆரம்பத்தில் எனக்குக் கோபம். பிறகு புரிந்தது. முதல் நிமிடத்தில் யார் எழுகிறார்கள் என்பதே நடத்தைதான்.

2020-இல் வந்த ஒப்பீடு இன்னும் தெளிவானது. அடர்த்தியான மார்பகம் உள்ள 1,444 பெண்கள். ஒவ்வொருவருக்கும் சுருக்கமான எம்.ஆர்.ஐ.யும் 3டி மேமோகிராமும். ஊடுருவும் புற்றுநோய், அதாவது பிறந்த இடத்தைத் தாண்டிச் சுற்றுத் திசுவுக்குள் புகுந்தது, 17 பேருக்கு இருந்தது. எம்.ஆர்.ஐ. 17 பேரையும் கண்டது. 3டி மேமோகிராம் 7 பேரை. அதே ஆய்வின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: நோய் இல்லாதவரை இல்லை என்று சரியாகச் சொல்வதில் மேமோகிராம் 97.4 சதவீதம், எம்.ஆர்.ஐ. 86.7. நெதர்லாந்தில் அக்கா வகை மார்பகம் உள்ள 40,373 பெண்களை வைத்துச் செய்த டென்ஸ் ஆய்வு 2019-இல் வந்தது. இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவில் தானாக வெளிப்படும் புற்றுநோய், மேமோகிராம் மட்டும் எடுத்தவர்களில் ஆயிரத்துக்கு 5, எம்.ஆர்.ஐ.க்கு அழைக்கப்பட்டவர்களில் 2.5. அழைத்தும் ஐந்தில் இரண்டு பேர் வரவே இல்லை. எடுத்துக்கொண்டவர்களை மட்டும் பார்த்தால் 0.8. ஆனால் முதல் சுற்றில் ஆயிரத்துக்கு 80 பேர் இல்லாத நோய்க்காக அலைந்தார்கள். எல்லோருக்கும் இதை எடு என்று நான் சொல்லாததற்கு அந்த 80-தான் காரணம். மேமோகிராமை விட்டுவிடலாமா என்றும் கேட்பார்கள். கூடாது, பால் குழாயில் உப்புத்தூள் மாதிரிப் படியும் சுண்ணாம்புத் துகள் அதில்தான் தெரியும், எங்கள் மெஷினுக்கு அது குருடு.

அக்காவின் பரிசோதனைக்கு வேறு யாரையாவது உட்காரவைக்கச் சொன்னேன். "நீயே இரு" என்றாள். விலக்கு ஆரம்பித்த 10-ஆம் நாள். சிறுநீரகச் சோதனைத் தாளைக் கோப்பில் வரிசையாக அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். இருமல் இருக்கிறதா என்று கேட்டேன். "கேள்வித்தாள்ல அடுத்தது என்ன?" என்றாள்.

மருந்து போன பிறகு இடது மார்பின் வெளிப்பக்கத்தில், ஆழத்தில், ஒரு புள்ளி எழுந்தது. 7 மில்லிமீட்டர். எழுந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. கர்சரை அதன்மேல் வைத்தேன். கோடு ஏறியது, நின்றது, இறங்கவில்லை. இரண்டாவது வகை. ஏ.டி.சி. 1.3. என் வலது கால் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது எனக்கே பிறகுதான் தெரிந்தது. மைக்கைத் திறந்து, "இன்னும் ரெண்டு நிமிஷம்தான்க்கா, அசையாதே" என்றேன். குரல் சரியாக வந்தது.

மேசையை இழுத்தேன். அக்கா எழுந்து உட்கார்ந்தாள். குனிந்து செருப்பைத் தேடினாள். எடுத்துக் கொடுத்தேன். கோப்பைச் சரிபார்த்தாள், தாள்களை எண்ணினாள். தண்ணீர் கொடுத்தேன், சுவரைப் பார்த்துக் குடித்தாள். "டாக்டர் கூப்பிடுவாங்கல்ல?" என்று கதவைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அல்ட்ராசவுண்டில் அந்த இடத்தைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. மறுபடி அதே காயிலில் குப்புறப் படுக்கவைத்து, எம்.ஆர்.ஐ.யில் இடம் குறித்துக்கொண்டே ஊசி செலுத்திச் சதை எடுத்தார்கள். எடுத்த இடத்தில் எள்ளளவு டைட்டானியம் அடையாளம் வைத்தார்கள். அன்று நான் விடுப்பு போட்டுவிட்டு வெளியே நாற்காலியில் இருந்தேன். ரிசல்ட் வர எட்டு நாள். ஸ்க்ளீரோசிங் அடினோசிஸ். சுரப்பி பெருகி நார் கட்டிக்கொண்டது, புற்றுநோய் இல்லை. இரத்தத்தையும் இழுக்கும், தண்ணீரையும் நெருக்கும்; 64-க்கு வெளியே இருக்கும் 36-இல் ஒன்று.

அன்று ராத்திரி போனில் கேட்டேன். "அன்னிக்கு இறங்கினதும் ஏன் என்னைப் பார்க்கவே இல்லை? எல்லாரும் பார்ப்பாங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"நீ நல்லா மறைக்கிறேன்னு நினைச்சிட்டு இருக்கே. அம்மாவுக்கு ரிப்போர்ட் வந்தப்ப உனக்கு எட்டு வயசு. ஒண்ணுமில்லைன்னு எங்கிட்ட சொல்லச் சொல்லி அப்பா உன்னைத்தான் அனுப்பினாரு. வாசல்ல நின்னு உன் மூஞ்சியைப் பார்த்துதான் நான் தெரிஞ்சுக்கிட்டேன்."

அடுத்த வருடத்துக்கான தேதியை இப்போதே கணக்குப் போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறாள், 7-ஆம் நாளிலிருந்து 14-க்குள் வருகிற மாதிரி.